ஆறு பழைய சர்ச், ஒரு லேபர் வார்டு சிஸ்டர்: ஒரு நாள் பயண இழை

1/ வட சென்னையில ஆரம்பிச்சு ஒரே நாள்ல ஆறு பழைய சர்ச் பார்த்துட்டு வந்தோம். அதைப் பற்றிய இழை இது. நடுவுல 45 வயசு தாண்டின எல்லாப் பெண்களும், அவங்க வீட்டு ஆம்பளைங்களும் தெரிஞ்சுக்க வேண்டிய ஒரு மருத்துவ விஷயமும் வரும். கொஞ்சம் நீளம். பாதியில போயிடாதீங்க.

2/ ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப எனக்குப் பிரசவம் பார்க்கக் கத்துக்கொடுத்தது ப்ரொஃபசர் இல்ல, ஒரு லேபர் வார்டு சிஸ்டர். "கையை அவசரப்படுத்தாதீங்க டாக்டர், தலை தானா வரும்"னு பக்கத்துலயே நின்னு சொன்னவங்க. சமீபத்துல ரிட்டையர் ஆனாங்க. இதை அவங்க சம்மதத்தோடதான் எழுதறேன். "எழுதுங்க, பேரு மட்டும் வேணாம்"னாங்க.

3/ அவங்ககிட்ட வேலை கத்துக்கிட்ட நாங்க நாலு பேர் சேர்ந்து ஏதாவது பரிசு தரலாம்னு கேட்டோம். புடவை வேணாம், குத்துவிளக்கும் வேணாம்னுட்டாங்க. "ராயபுரத்துல பொறந்து வளர்ந்தவ. பாதி வாழ்க்கை நைட் டூட்டியிலயே போச்சு. மெட்ராஸ்ல இருக்கிற பழைய கோயிலையெல்லாம் ஒரு நாள் ஆற அமர பார்க்கணும் டாக்டர்." (வட சென்னை கத்தோலிக்கர்கள் பேச்சுல சர்ச்சும் கோயில்தான்.)

4/ மூட்டு வலி இருக்கு, பஸ்ஸுல கூட்டத்தோட போறது முடியாது. அதனால நாள் முழுக்க ஒரு காரும், பழைய மெட்ராஸ் பற்றித் தெரிஞ்ச ஒரு வழிகாட்டித் தம்பியும் ஏற்பாடு பண்ணோம். தம்பி அனுப்பின திட்டத்துல சாந்தோம், லஸ், பரங்கிமலை இருந்துச்சு. சிஸ்டர் அதைப் பார்த்துட்டுப் போன்லயே கேட்டாங்க: "எல்லாம் நல்ல கோயில்தான் தம்பி. ஆனா பாரிஸ் கார்னருக்கு வடக்க சாமியே கிடையாதா?" தம்பி சிரிச்சுட்டார். திட்டத்தைத் திருப்பி எழுதி, வடக்கேயிருந்து தொடங்கினார்.

5/ காலை 8 மணி, ராயபுரம் புனித பேதுரு ஆலயம். பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வச்ச பழைய பேரு இராயப்பர். பவுல் சின்னப்பர், யோவான் அருளப்பர். இராயப்பர் இருக்கிற ஊர் ராயபுரம் ஆச்சுன்னு சொல்றாங்க. நாம தினமும் பஸ் போர்டுல படிக்கிற பேருக்குள்ள ஒரு மீனவர் ஒளிஞ்சிருக்கார்.

6/ 1829ல கட்டின இந்தக் கோயிலுக்குக் காசு கொடுத்தது படகுக்காரங்க. அப்ப மெட்ராஸுக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்துல நிக்கும். ஆளும் சரக்கும் கரைக்கு வரணும்னா மசூலா படகுதான். ஆணியே அடிக்காம கயிற்றால தைச்ச படகு, அலை அடிச்சா உடையாம வளைஞ்சு கொடுக்கும். துறைமுகம் கட்டத் தொடங்கின பிறகும் 1881 புயல் அதைப் புரட்டிப் போட்டுச்சு. தினமும் அந்த அலையைத் தாண்டினவங்க தங்களோட கூலியில சேர்த்த நிதியில எழுந்த கோயில் இது. சிஸ்டரோட தாத்தா ஹார்பர்ல வேலை பார்த்தவர். அந்தத் தூண்ல கையை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாங்க.

7/ அடுத்து எங்க ஏரியா, பழைய வண்ணாரப்பேட்டை. கம்பெனிக்காரங்க ஏற்றுமதி பண்ண துணியை வெளுத்துக் கொடுத்தவங்க வாழ்ந்த இடம், அதான் இந்தப் பேரு. இங்க செயின்ட் ரோக் சர்ச் இருக்கு. நான் கிளினிக் போற வழி. டாக்டர்களுக்கு மெட்ராஸ்ல ஒரே ஒரு சர்ச்தான் காட்டலாம்னா நான் இதைத்தான் காட்டுவேன். ஏன்னு சொல்றேன்.

8/ ரோக் 14ஆம் நூற்றாண்டு ஆள்னு மரபு சொல்லுது. பிரான்சுல மோம்பெலியே ஊர்க்காரர். ரோமுக்கு யாத்திரை போற வழியில இத்தாலி முழுக்கப் பிளேக். யாத்திரையை விட்டுட்டு நோயாளிகளைப் பார்த்துக்க உட்கார்ந்துட்டார். கடைசியில அவருக்கே நோய் ஒட்டிக்கிச்சு. யாருக்கும் தொல்லை கொடுக்கக் கூடாதுன்னு காட்டுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டார். ஒரு நாய் தினமும் ரொட்டித் துண்டு கவ்விக்கிட்டு வந்து கொடுத்துச்சாம். அதைப் பின்தொடர்ந்து வந்த எஜமானர்தான் அவரைக் கண்டுபிடிச்சார்னு கதை.

9/ அதனாலதான் உலகம் முழுக்க ரோக் சிலையில பக்கத்துல ஒரு நாய் இருக்கும். அவர் அங்கியை ஒதுக்கித் தொடையில இருக்கிற புண்ணைக் காட்டிக்கிட்டு நிப்பார். தெள்ளுப்பூச்சி பெரும்பாலும் காலைக் கடிக்கும். கிருமி நிணநீர் வழியா ஏறி இடுப்பு மடிப்புல நெறி கட்டும். பிளேக் கட்டி வர்ற இடம் அதுதான். கோயில்ல வைக்கிற சிலைங்கறதால மரியாதைக்காகக் கொஞ்சம் கீழே தொடைக்கு இறக்கிட்டாங்க. கிருமியை யெர்சின் கண்டுபிடிச்சது 1894ல. தெள்ளுப்பூச்சிதான் பரப்புதுன்னு சிமோன் இந்தியாவுல காட்டினது 1898ல. சிற்பிகள் அதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே நோய்க்குறியைச் செதுக்கிட்டாங்க.

10/ தமிழ்நாட்டுல பல ஊர்ல இவருக்குப் பேரு ஆரோக்கியநாதர். ஆகஸ்ட் 16 திருநாள். ஆரோக்கியம், ஆரோக்கியராஜ்னு பேரு வச்ச நோயாளிகள் என் ஓபியில வாரம் நாலு பேர் வருவாங்க. காலரா, அம்மைன்னு எது வந்தாலும் முதல்ல நெருக்கடியான பேட்டைகளைத்தான் தாக்கும். தொற்றுநோய் ஆஸ்பத்திரி தண்டையார்பேட்டையில இருக்கு. அதுக்குக் கொஞ்ச தூரத்துலயே இந்தப் புனிதருக்குக் கோயில் இருக்கிறது எனக்குப் பொருத்தமாத்தான் படுது.

11/ கதையைக் கேட்டுட்டு சிஸ்டர் ஒண்ணுதான் கேட்டாங்க. "நோயாளிகளைப் பார்த்துக்கிட்டவரு, தனக்கு வந்ததும் ஏன் டாக்டர் ஓடி ஒளியணும்?" தம்பி ஏதோ பதில் சொன்னார். இந்தக் கேள்வியை ஞாபகம் வச்சுக்கோங்க.

12/ பத்தரை மணிக்கு அரண்மனைக்காரன் தெரு. முதல்ல அந்தோணியார் கோயில்னு எல்லாரும் சொல்ற தூய மரியன்னை இணைப் பேராலயம். 1642ல மெட்ராஸுக்கு வந்த பிரெஞ்சு கப்புச்சின் துறவி எஃப்ரேம் தொடங்கின சபையோட தொடர்ச்சி. செவ்வாய்க்கிழமை போனா எல்லா மதக்காரங்களும் வரிசையில நிப்பாங்க. நாங்க போனது புதன், அமைதியா இருந்துச்சு. அப்படியே நாலு எட்டு வச்சா ஆர்மீனியன் சர்ச்.

13/ முதல்ல 1712ல கட்டினாங்க. இப்ப இருக்கிறது 1772. உள்ளே நுழைஞ்சா பாரிஸ் இரைச்சல் அப்படியே அறுந்து போகுது. தரை முழுக்க ஆர்மீனிய எழுத்துல கல்லறைக் கற்கள். மணிக்கூண்டுல ஆறு மணி. அதுல ஒண்ணு 1754ல வார்த்து 1808ல மறுபடி வார்த்தது. அதுல தமிழ் எழுத்து பொறிச்சிருக்கு! இன்னைக்கு வழிபட ஆர்மீனியர் யாரும் இங்க இல்ல. கல்கத்தாவுல இருக்கிற ஆர்மீனிய சபைதான் பராமரிக்குது.

14/ இங்க ஹருத்யூன் ஷ்மவோனியன்னு ஒரு பாதிரியாரோட கல்லறை இருக்கு. ஈரான்ல ஷிராஸ்காரர். ஒரே வாரத்துல ரெண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். உலகத்துல முதல் ஆர்மீனியப் பத்திரிகை 'அஸ்தரார்' 1794ல வந்தது இந்த மெட்ராஸ்ல, இவர் கையால. "ரெண்டு புள்ளையையும் ஒரே வாரத்துலயா?"ன்னு சிஸ்டர் திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. தம்பி இங்க நல்ல வேலை பண்ணார். பேச்சை நிறுத்திட்டுத் தள்ளிப் போய் நின்னுக்கிட்டார். தனி வழிகாட்டி வச்சா இது ஒரு வசதி, "நேரமாச்சு, கிளம்புங்க"ன்னு யாரும் விரட்ட மாட்டாங்க.

15/ அடுத்து ஜார்ஜ் கோட்டை, செயின்ட் மேரீஸ். 1678ல தொடங்கி 1680ல அர்ப்பணிச்சது. சூயஸுக்குக் கிழக்க இருக்கிற ஆங்கிலிகன் சர்ச்லயே பழசு இதுதான்னு சொல்வாங்க. பீரங்கிக் குண்டு விழுந்தா தாங்கணும்னு கூரையைக் கனமா, வளைவாக் கட்டியிருக்காங்க. ராபர்ட் கிளைவ் கல்யாணம் 1753ல இங்கதான் நடந்துச்சு. ஆனா எங்களைப் பிடிச்சு நிறுத்தினது வெளி முற்றம்.

16/ முற்றத்துத் தரையில பாவியிருக்கிறது முழுக்கக் கல்லறைக் கற்கள். இன்னைக்குப் பழைய சட்டக் கல்லூரி நிக்கிற இடத்துலதான் அந்த இடுகாடு இருந்துச்சு. 1758-59ல பிரெஞ்சுப் படை முற்றுகை போட்டப்ப அந்தக் கல்லறைகள் அவங்களுக்கு மறைவிடமாப் போச்சு. முற்றுகை முடிஞ்சதும் இடுகாட்டைக் கலைச்சுக் கற்களை இங்க கொண்டுவந்துட்டாங்க. அதுல ஒண்ணு எலிசபெத் பேக்கர், 1652. கோட்டைத் தலைவர் ஏரன் பேக்கரோட மனைவி. இங்க வர்ற வழியில கப்பல்லயே பிரசவத்துல இறந்துபோனவங்க. இந்தியாவுல இருக்கிற மிகப் பழைய ஆங்கிலேயக் கல்லறை எழுத்துன்னு இதைச் சொல்றாங்க.

17/ சிஸ்டர் குனிஞ்சு பார்த்து, வார்டு ரவுண்ட்ஸ்ல கேட்கிற மாதிரியே கேட்டாங்க: "ரத்தப்போக்கா இருக்குமா, காய்ச்சலா இருக்குமா டாக்டர்?" கல்லு அதைச் சொல்லல. 2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டுல லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 54 தாய் மரணம். அந்த நம்பரைக் கீழே இறக்கினதுல இவங்க கையும் ஒண்ணு.

18/ மர நிழல்ல உட்கார்ந்தோம். தண்ணி குடிச்சாங்க. அப்புறம் வேற எங்கேயோ பார்த்துக்கிட்டு, "டாக்டர், எனக்கு ரெண்டு மாசமா அப்பப்ப ரத்தம் படுது"ன்னாங்க. மாதவிடாய் நின்னு எட்டு வருஷம் ஆச்சு. "யாருகிட்டயும் சொல்லல. பையனுக்கு இப்பதான் குழந்தை பொறந்திருக்கு. நான் படுத்தா யாரு பார்க்கறது?" கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே சொன்னாங்க: "காலையில அந்த ரோக்கு சாமியைக் கேட்டேன்ல. என்னைத்தான் கேட்டுக்கிட்டேன்."

19/ இனி மருத்துவ விஷயம். மாதவிடாய் 12 மாசம் தொடர்ந்து வராம இருந்து, அதுக்கப்புறம் ஒரு துளி ரத்தம் பட்டாலும் அது இயல்பு இல்ல. கறை மாதிரி, பழுப்பா, ஒரே ஒரு நாள்தான்னாலும் சரி, காட்டணும். பெரும்பாலும் காரணம் சாதாரணமானது: உள்தோல் மெலிஞ்சு போறது, சின்ன சதை வளர்ச்சி. ஆனா சுமார் 10 பேர்ல ஒருத்தருக்கு அது கர்ப்பப்பைப் புற்றுநோயோட முதல் அறிகுறி. உடல் பருமன், சர்க்கரை, பிபி இருந்தா ஆபத்து கூட.

20/ பரிசோதனைக்குப் பயப்பட வேணாம். முதல்ல ஸ்கேன். கர்ப்பப்பை உள்சுவர் 4 மி.மீ.க்கு மேல தடிச்சிருந்தாலோ, ரத்தம் திரும்பத் திரும்பப் பட்டாலோ சின்னதா ஒரு பயாப்சி. இந்தப் புற்றுநோய் ஆரம்பத்துலயே ரத்தம் காட்டி எச்சரிக்கும். கர்ப்பப்பையைத் தாண்டாத நிலையில பிடிச்சா 100ல 90 பேருக்கு மேல அஞ்சு வருஷம் தாண்டி நல்லா இருக்காங்க. "வயசானா இப்படித்தான்"னு தள்ளிப்போட்டா அந்த வாய்ப்பு குறையும்.

21/ இதெல்லாம் சிஸ்டருக்கு என்னைவிட நல்லாத் தெரியும். ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பாங்க. தெரிஞ்சவங்க மறைக்கறதுதான் அதிகம். நர்ஸ், டாக்டர், வீட்டுல படுத்த மாமியாரைப் பார்த்துக்கற மருமக, எல்லாரும் தங்களைக் கடைசி நம்பரா வச்சுக்கறாங்க. நான் அறிவுரை எதுவும் சொல்லல. அங்கேயே உட்கார்ந்து என் பேட்ச் மேட் மகப்பேறு மருத்துவருக்குப் போன் போட்டு மறுநாள் காலை 9 மணிக்கு நேரம் வாங்கினேன். "வீட்டுக்குப் போயிடலாமா சிஸ்டர்?"னு கேட்டேன். "இன்னாத்துக்கு? மலையைப் பார்க்காம நான் வரமாட்டேன்"னாங்க.

22/ பரங்கிமலை. தோமையார் பேரால 1523ல போர்த்துகீசியர் கட்டின கோயில். பஹ்லவி எழுத்து பொறிச்ச பழைய கல் சிலுவை உள்ளே இருக்கு. மேல ஏறுற படிக்கட்டு பெட்ரூஸ் உஸ்கான்ங்கிற ஆர்மீனிய வியாபாரி கைங்கரியம். சைதாப்பேட்டையில அடையாறு மேல முதல் பாலம் கட்டினதும் அவர்தான், 1726ல. மூட்டு வலிக்காரங்க படி ஏற வேணாம், கார் மேல வரைக்கும் போகுது. உச்சியில நின்னு சிஸ்டர் வடக்குப் பக்கம் கையைக் காட்டி "தோ, அந்தப் பக்கம்தான் நம்மூரு"ன்னாங்க. புகைமூட்டத்துல ஒண்ணும் தெரியல. ஆனாலும் ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டே நின்னோம்.

23/ ரிசல்ட் வந்துச்சு. புற்றுநோய்தான். ஆனா முதல் நிலை, கர்ப்பப்பையைத் தாண்டல. ஆபரேஷன் முடிஞ்சு இப்ப நாலு மாசம். நல்லா இருக்காங்க. பேரனைத் தூக்கக் கூடாதுன்னு சொன்ன ஆறு வாரத்துல மட்டும் எங்க எல்லாரையும் திட்டித் தீர்த்தாங்க.

24/ போக நினைக்கிறவங்களுக்குச் சில குறிப்புகள். ஞாயிறு வேணாம், வழிபாடு நடக்கும். ஆர்மீனியன் சர்ச்சைக் காலையிலயே பார்த்துடுங்க, மதியத்துக்கு மேல மூடிடலாம். கோட்டைக்குள்ள போக அடையாள அட்டை வேணும். பெரியவங்களோட போனா ஒரு நாளைக்கு நாலு இடம் போதும், ஆறு கொஞ்சம் அதிகம்தான். மாத்திரை டப்பா, தண்ணி, மடக்கு நாற்காலி எடுத்துக்கோங்க. பழவேற்காட்டுல டச்சுக் கல்லறை இருக்கு, வாசல்ல ரெண்டு எலும்புக்கூடு செதுக்கியிருப்பாங்க. அதுக்குத் தனியா ஒரு நாள் வைங்க. வழிகாட்டி சாந்தோமிலிருந்து ஆரம்பிக்கலாம்னு சொன்னா, ராயபுரத்திலிருந்து ஆரம்பிங்கன்னு கேளுங்க.

25/ இன்னைக்கு ராத்திரி உங்க அம்மா, பெரியம்மா, அத்தை, மாமியார் யாருக்காவது போன் பண்ணி, "மாதவிடாய் நின்ன பிறகு எப்பவாவது ரத்தம் பட்டுச்சா?"ன்னு நேராக் கேளுங்க. கேட்க ஒரு மாதிரியாத்தான் இருக்கும். பையன் கேட்டா இன்னும் ஒரு மாதிரி. பரவாயில்ல, கேளுங்க. "ஆமா, ஆனா அது ஒண்ணுமில்ல"ன்னு பதில் வந்தா, மறுநாள் காலையில கூட்டிட்டுப் போயிடுங்க.