உப்புத் தண்ணீரில் ஒரு கீசர்

கோயம்புத்தூரில் பல வீடுகளில் இரண்டு குழாய் உண்டு. ஒன்றில் நல்ல தண்ணீர் வரும். சிறுவாணி அணைத் தண்ணீரோ பில்லூர் அணைத் தண்ணீரோ, அது குடிக்கவும் சமைக்கவும். இன்னொன்றில் உப்புத் தண்ணீர், அதாவது போர் தண்ணீர். குளிப்பது, துவைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அதில்தான். கீசருக்குப் போவதும் அதுதான். ஆகவே இந்த ஊரில் கீசர் பழுது பார்க்கிறவனுக்குக் கரண்ட் தெரிந்தால் மட்டும் போதாது, தண்ணீரும் தெரிய வேண்டும்.

"தண்ணி முன்ன மாதிரி சூடே ஏறமாட்டேங்குதுங்க. காயில் போயிருச்சாட்ட இருக்குது, மாத்திக் குடுத்துருங்க தம்பி" என்பார்கள். காயிலை மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஆனால் அது ஏன் போனது என்று பார்க்காமல் மாற்றினால், புதுக் காயிலும் அதே வழியில் போய்ச் சேரும். பல நேரம் காயில் போயே இருக்காது. டேங்கைத் திறந்து உள்ளே பார்க்காமல் எந்தச் சாமானையும் மாற்றுவதில்லை என்பதை நான் பிடிவாதமாக வைத்திருக்கிறேன்.

திறப்பதற்கு முன்பே சிவப்பு விளக்கு பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். 25 லிட்டர் கீசர், 2000 வாட் காயில் என்றால் 27 டிகிரித் தண்ணீர் 60 டிகிரிக்கு வர ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். விளக்கு ஒரு மணி நேரம் எரிந்தும் தண்ணீர் பச்சையாகவே இருந்தால் காயில் அறுந்திருக்கும். மீட்டரை வைத்தால் நல்ல காயிலுக்கு 26 ஓம் பக்கம் காட்டும், அறுந்ததில் முள் அசையாது. விளக்கு பத்து நிமிடத்தில் அணைந்து தண்ணீர் வெதுவெதுப்பாக நின்றுவிட்டால் கதை வேறு. காயிலும் தெர்மோஸ்டாட் குழலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. இரண்டையும் சேர்த்து உப்பு மூடிவிட்டால், அந்த உப்புக்குள் தேங்கிய சூட்டைத் தெர்மோஸ்டாட் டேங்கின் சூடு என்று எடுத்துக்கொண்டு கரண்டை நிறுத்திவிடும். காயிலும் நல்லது, தெர்மோஸ்டாட்டும் நல்லது. குற்றம் நடுவில் இருக்கிற உப்பில்.

மெயினை அணைத்து, தண்ணீர் வால்வை மூடி, டேங்கை முழுசாக வடித்துவிட்டு, காயிலைத் தாங்குகிற ஃபிளாஞ்சின் நட்டுகளை எதிரெதிராகத் தளர்த்துவேன். ஃபிளாஞ்ச் இறங்கும்போதே வெள்ளைச் சில்லுகள் கடகடவென்று பக்கெட்டில் கொட்டும். காயிலின் வளைவை அப்படியே அச்செடுத்த, முட்டை ஓடு மாதிரியான வளைந்த சில்லுகள். காயிலைத் தொட்டிருந்த பக்கம் கறுத்திருக்கும், தண்ணீர்ப் பக்கம் வெள்ளையாகவோ துரு ஏறிப் பழுப்பாகவோ இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் கரியமில வாயுவை விட்டுவிட்டுக் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. சூடு எங்கே அதிகமோ அங்கேதான் முதலில் படியும். அந்த ஓடு தடிக்கத் தடிக்கக் காயிலின் சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் காயில் தன்னைத்தானே வறுத்துக்கொள்கிறது. ஒரு நாள் உறை வெடித்து, உள்ளே அடைத்திருக்கிற வெள்ளை மெக்னீசியம் ஆக்சைடு பொடி வெளியே தெரியும். கீசருக்குள் கடகடவென்று சத்தம் கேட்பதாகச் சொல்வார்களே, அது பெரும்பாலும் உப்புக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் ஆவியாகி முட்டுகிற சத்தம்.

குடிநீருக்கான இந்தியத் தரம், ஐஎஸ் 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 600 வரை போகலாம். போர் தண்ணீரைச் சோதித்து அந்த எண்ணைத் தெரிந்துகொண்டால் கீசருக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை சர்வீஸ் என்று கணக்குப் போட்டுவிடலாம். தெர்மோஸ்டாட்டை 75-இல் வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பதைவிட 60-இல் நிறுத்துவது நல்லது. உப்பு படிகிற வேகம் குறையும்.

இறுகிய உப்பை உளி வைத்துத் தட்டக் கூடாது. இரும்பு டேங்கின் உள்ளே கண்ணாடிப் பூச்சு இருக்கிறது, ஒரு தட்டில் விரிசல் விட்டுவிடும். சிட்ரிக் ஆசிட்டை வெந்நீரில் கரைத்து ஊறவிட்டால் நுரைத்துக்கொண்டு தானே கழன்று வரும். நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

என் மனதுக்கு மிக நெருக்கமான சாமான் ஒன்று உண்டு. வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். மெக்னீசியம் ராடு. கண்ணாடிப் பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் எங்காவது ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கும். அங்கே இரும்பு துருப்பிடிக்காமல், அதற்குப் பதிலாக மெக்னீசியம் கரைந்து போகும். 1824-இல் இங்கிலாந்தில் ஹம்ஃப்ரி டேவி, கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடு உப்பு நீரில் அரிக்காமலிருக்க இரும்பு, துத்தநாகத் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். செம்பு பிழைத்தது, துண்டுகள் கரைந்தன. குளியலறைச் சுவரில் தொங்குகிற பெட்டிக்குள் நடப்பதும் அதே வேலைதான். புதிதாக இருக்கும்போது பெருவிரல் தடிமனுக்கு இருக்கிற ராடு, உப்புத் தண்ணீரில் சில வருடத்திற்குள் நடுவில் ஓடும் கம்பி மட்டும் மிஞ்சும் நிலைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு அரிப்பு டேங்கைத்தான் தின்னும். டேங்க் ஓட்டையானால் வெல்டிங் வைக்க முடியாது, பூச்சு கெட்டுப்போகும். கீசரையே தூக்கிப் போட வேண்டியதுதான். ராடின் விலை ஒரு புதுக் கீசரின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆனாலும் "அது இல்லாமத்தான் ஓடுதே" என்று மறுப்பவர்கள் உண்டு. நான் தேய்ந்த கம்பியைக் கையில் கொடுத்துவிடுவேன். பார்த்தபின் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

ஒரு பெரியம்மா கேட்டார்கள், "கண்ணு, அந்த வால்வுல சொட்டுச் சொட்டா ஒழுகுது, ஒரு அடைப்பப் போட்டுரு." அது அழுத்தத்தை வெளியே விடுகிற பாதுகாப்பு வால்வு. அதை அடைப்பதை மட்டும் யார் சொன்னாலும் செய்ய மாட்டேன். 25 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு லிட்டர் அளவுக்கு விரிகிறது. உள்ளே வந்த வழியில் திரும்பிப் போகாமல் வால்வு தடுக்கிறது. மிச்சம் இருக்கிற வழி அந்தச் சொட்டுதான். சூடாகும்போது சொட்டினால் வால்வு ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். ஒரு சின்னக் குழாய் செருகிச் சாக்கடைப் பக்கம் விட்டால் போதும். ஆறிய பிறகும் நாள் முழுக்கச் சொட்டினால்தான் வால்வை மாற்ற வேண்டும். இந்த வழியை அடைத்துவிட்டு, சூடு மிஞ்சினால் கரண்டை நிறுத்துகிற கட்-அவுட் அடிக்கடி விழுகிறதென்று அதையும் கம்பி போட்டு நேரடியாக இணைத்துவிட்டுப் போன வேலையைக் கண்டிருக்கிறேன். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் அந்தக் கீசரை நிறுத்த எதுவுமில்லை. அந்தச் சுவருக்கு அடியில் ஒரு குழந்தை குளிக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

எர்த் பற்றியும் அதே கண்டிப்புதான். சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருப்பதாக ஆகாது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் காட்டினாலும் நான் சாக்கெட்டைக் கழற்றிப் பின்பக்கம் பார்ப்பேன். நியூட்ரலில் இருந்து ஒரு துண்டுக் கம்பியை எர்த்துக்கு இழுத்து விட்டிருந்தாலும் மீட்டர் அதே 230-ஐத்தான் காட்டும். வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்தால் கீசரின் உடம்பு முழுக்கக் கரண்ட் நிற்கும். தண்ணீரைத் தொட்டால் சுரீரென்கிறது என்று யாராவது சொன்னால், நான் வந்து சேரும்வரை யாரும் அந்தக் குளியலறைக்குள் போக வேண்டாம் என்பதுதான் போனிலேயே நான் சொல்லும் முதல் வார்த்தை. உண்மையான எர்த்தும், கரண்ட் கசிந்தால் ட்ரிப் ஆகிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் இல்லாத வீட்டில் கீசரை ஓட விட்டுவிட்டு என்னால் வர முடியாது.

கோடை முழுக்கச் சும்மா கிடந்த கீசர், குளிர் வந்து முதல் நாள் போட்டதும் ட்ரிப் ஆவது உண்டு. காயிலுக்குள் இருக்கும் பொடி ஈரம் குடித்திருக்கும். இன்சுலேஷனைச் சோதிக்கிற 500 வோல்ட் மெகர் வைத்தால் தெளிவாகத் தெரியும், சாதாரண மீட்டரில் பல நேரம் எல்லாம் சரி என்றே காட்டும். இப்படிப்பட்ட அழைப்புகள் எல்லாம் மார்கழியில் மொத்தமாக வந்து விழுகின்றன. ஐப்பசி மழையிலேயே கூப்பிட்டால் டேங்கை நிதானமாக ஊறவைக்க நேரம் கிடைக்கும். மார்கழியில் கூப்பிட்டாலும் ஃபிளாஞ்சைத் திறக்காமல் போக மாட்டேன். ஆனால் அன்றைக்கே முடித்துக் கொடு என்று கேட்கக் கூடாது. ஒரு நாள் அடுப்பில் தண்ணீர் காய வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.