பழைய கணினிக்குப் புதிய வட்டு

எங்கள் வீட்டுக் கணினிக்கு வயது பதினாறு. 2009ஆம் ஆண்டு இறுதியில், நான் முதலாம் ஆண்டில் காலெடுத்து வைக்கும் முன்பு, கொம்தார் பக்கம் ஒரு கடையில் அப்பா வாங்கி வந்தது. தமிழ்ப்பள்ளி ஆசிரியரான அவர் பத்தாண்டு வினாத்தாள்களை முரசு அஞ்சலில் தட்டி அதில்தான் வைத்திருக்கிறார்.

அண்மைக் காலமாக அதனோடு ஒரே மல்லுக்கட்டு. விசையைத் தட்டிவிட்டுத் தே தாரிக் ஆற்றிக் குடித்து முடித்தாலும் திரை தயாராகாது. போதாக்குறைக்கு, 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான ஆதரவையும் மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 இந்தக் கிழத்தை ஏற்காது. "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாம்பா" என்றேன். அப்பா பதில் சொல்லாமல் நாளிதழைப் புரட்டினார். ஓய்வூதியத்தில் வாழ்பவரிடம் நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

உண்மையில் கணினியின் மூளை நன்றாகத்தான் இருந்தது. தாமதம் வன்தட்டில். நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தகட்டின்மேல், தொடாமல் மிதக்கும் ஒரு சிறு தலை அங்கும் இங்கும் ஓடித் தகவலைத் தேட வேண்டும். ஒவ்வொரு தேடலுக்கும் பத்து மில்லிவினாடி போல ஆகும். கணினி விழித்தெழும்போது இப்படி ஆயிரக்கணக்கான தேடல்கள். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் இல்லை, ஓடுவதும் இல்லை, எல்லாம் சில்லுக்குள். பழைய தாய்ப்பலகை அதன் முழு வேகத்தைத் தாங்காது என்பது மெய்தான். ஆனாலும் தேடும் நேரம் மிச்சமாகிறதே, அதுவே போதும்.

நூறு ரிங்கிட்டுக்குள் 240 கிகாபைட் வட்டு ஒன்று கிடைத்தது. வீட்டில் பிரித்ததும் அம்மா கையில் வாங்கி, தேங்காயைப் போலக் காதோரம் ஆட்டிப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்லையேடா. தலை எங்க?"

"இதுக்குத் தலை கிடையாதும்மா."

"அதான் எங்களுக்கு வேலையும் கிடையாது" என்றார், சிரித்துக்கொண்டே.

அம்மா பதினான்கு ஆண்டுகள் பாயான் லெப்பாஸில் வன்தட்டுத் தலை ஒட்டியவர். பெயர் வேண்டாம், ஒரு தொழிற்சாலை. உடல் முழுக்க வெள்ளை உடை, விரல்களில் உறை, கண் நுண்ணோக்கியில். அரிசி மணியைவிடச் சிறிய தலையை மெல்லிய எஃகுக் கம்பியின் நுனியில் சரியாக வைக்க வேண்டும். பிறகு அந்தப் பிரிவை மூடினார்கள். கையில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பினார்கள். நான் அப்போது இடைநிலைப் பள்ளியில் இருந்தேன். அம்மா ஏன் பகலில் வீட்டில் இருக்கிறார் என்று மகிழ்ந்தேனே தவிர, கேட்கவில்லை.

அது அம்மாவோடு நிற்கவில்லை. 2018இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் பெட்டாலிங் ஜெயா வன்தட்டுத் தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தது. அதே வேளையில் பினாங்கில் எஸ்.எஸ்.டி. தயாரிப்பை விரிவாக்கியது. மைக்ரோனும் 2023இல் பத்து காவானில் இரண்டாவது தொழிற்சாலையைத் திறந்தது. வேலை மாநிலத்தைவிட்டுப் போகவில்லை, பாலம் தாண்டியது. அம்மா தாண்டவில்லை. இப்போது அண்டை வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்.

வேலையைத் தொடங்கினேன். புதிய வட்டு சிறியது, பெட்டியில் பொருந்தவில்லை. இருபக்க ஒட்டுநாடாவால் ஒட்டினேன். அசையும் உறுப்பு இல்லாததால் பாதகமில்லை. லினக்ஸ் மிண்ட் நிறுவும்போது எந்த வட்டை அழிப்பது என்று திரை கேட்டது. இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பெயர்கள். விரல் விசைமீது இருந்தது.

"பழசோட வயரக் கழட்டிட்டுச் செய்யேன்" என்றார் அம்மா பின்னாலிருந்து. மின்பொறியியல் மூன்றாம் ஆண்டு படிப்பவனுக்கு அது தோன்றவில்லை. கணினியை அணைத்து, கழற்றி, மீண்டும் தொடங்கினேன். வினாத்தாள்கள் பிழைத்தன.

இப்போது அரை நிமிடத்தில் திரை வந்துவிடுகிறது. பழைய வன்தட்டை மீண்டும் இணைத்து, புதியதிலிருந்தே தொடங்கும்படி பயாஸில் வரிசையை மாற்றினேன். அப்பாவின் பழைய கோப்புகள் சில டிஸ்கி எழுத்தில் இருப்பதால் வெறும் கிறுக்கலாகத் தெரிகின்றன. ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிவருகிறேன்; நகல் ஒன்று விரலியிலும் இருக்கிறது.

ஒரு கோப்பைத் திறந்தபோது பெட்டிக்குள் 'டிக் டிக்' என்றது.

"கெட்டுப் போச்சாம்மா?"

அம்மா குனிந்து காது வைத்துக் கேட்டார். "இல்ல, தலை நல்லாத்தான் ஓடுது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.