கடலோரக் கோட்டை சொன்ன பாடம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். டேனியர் வருகை என்று வரலாற்றுப் பாடத்தில் நாலு வரி படித்து, தேர்வில் எழுதி, மறுநாளே மறந்துவிடுகிறோம். அந்த நாலு வரியும் செங்கல்லும் சுண்ணாம்புமாக எதிரே நிற்கக் காணும் வாய்ப்பைத் தரங்கம்பாடிக் கல்விச் சுற்றுலா எங்களுக்குத் தந்தது.

கீழப்பழுவூருக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள், தோழியரே! உறவு உண்டு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் நம் அரியலூர் மண் கடலடியில் கிடந்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கல்லாகிப்போன கிளிஞ்சல்கள் கிடைப்பதே அதற்குச் சான்று. நம்மை விட்டு விலகிய கடலைத் தேடிப் போனோம் என்றே சொல்லலாம்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் பேருந்து புறப்பட்டது. செயங்கொண்டம் தாண்டியதும் கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் இளவெயிலில் பொன்னாய்த் தெரிந்தது. சிதம்பரத்தில் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு கொள்ளிடப் பாலத்தைக் கடந்தபோது பாட்டும் கைதட்டலும் உச்சத்தை எட்டின. சீர்காழிக்குத் தெற்கே சாலையின் இருபுறமும் வயல்கள், பனைமரங்கள், தென்னந்தோப்புகள்! கடல் கண்ணில் படவில்லை. ஆனால் ஜன்னல் வழியே நுழைந்த உப்புக் காற்று, "இதோ, அருகில்தான் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தது. திருக்கடையூரைத் தாண்டி, 1792இல் எழுப்பப்பட்ட நகர வாயில் வழியாகத் தரங்கம்பாடிக்குள் நுழைந்தோம். வீதியின் முடிவில் நீலக்கடல்! அதன் கரையில் கோட்டை!

1620இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு, மிளகு வாணிபத்துக்காக டேனியர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை இது. டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியானுக்கு நாயக்கர் அனுப்பிய பொன்னோலை இன்றும் கோபன்ஹேகனில் உள்ளது. கோட்டையின் கீழ்த்தளத்தில் கிடங்குகளைப் பார்த்தோம். மேல்தளத்து அறைகள் இப்போது அருங்காட்சியகம். கடல் அரித்ததில் ஒரு பகுதியை இழந்த பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் சற்றுத் தொலைவில் நிற்கிறது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை இவ்வூரில் பல உயிர்களைக் கொண்டுபோனது. அலை பாடும் ஊர், அழவும் அறிந்த ஊர்.

இத்தனை பாடுபட்டுக் கட்டிய கோட்டையை டேனியர் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். பீரங்கியும் மதிலும் காத்த வாணிபம் போயிற்று. ஆனால் 1706இல் இங்கு வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்றார். அச்சுக்கூடம் அமைத்து 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1707இலேயே பெண் குழந்தைகளுக்கென ஒரு பள்ளி இவ்வூரில் தொடங்கப்பட்டது. இதை ஆசிரியை சொன்னபோது, அலைச்சத்தம் கூடக் கேட்காதபடி நாங்கள் நின்றுவிட்டோம்.

எனக்கு அப்பாயியின் நினைவு வந்தது. அந்தப் பள்ளி தோன்றி இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் அவர். தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்தார், ஆடு மேய்த்தார், பள்ளி வாசலை மிதித்ததில்லை. இன்றும் கைநாட்டுத்தான். வீடு திரும்பி நான் கதையைச் சொன்னதும், "ஏ ஆத்தா, கடக்கரையிலேருந்து பள்ளிக்கூடம் நம்மூருக்கு வந்து சேர இம்புட்டு வருசமா ஆச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் விடை இல்லை.

தோழியரே! நம்மிடையே பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தச் சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அப்படிச் சொல்லும் பெரியவர்களிடம் என் அப்பாயியின் கேள்வியை எடுத்துச் சொல்லுங்கள். கோட்டையை விற்கலாம், வாங்கலாம், கடலும் கொள்ளலாம். ஒரு பெண் கற்ற எழுத்தை எவராலும் விற்க முடியாது. இவ்வளவு தூரம் நடந்து நம் வாசலுக்கு வந்த பள்ளியை நாம் பாதியில் திருப்பி அனுப்பலாகாது.