சதுரங்கப்பட்டினத்தில் ஒரு தறி

அச்சரப்பாக்கத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் போகக் கேட்டால், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியைத்தான் பலரும் சொல்வார்கள். எனக்குச் செய்யூர் வழி பிடிக்கும். மேல்மருவத்தூர் நெரிசலைத் தாண்டிக் கிழக்கே திரும்பிவிட்டால் ஏரிக்கரையும் நெல்வயலும் வேர்க்கடலைக் கொல்லையுமாகப் போகும். செய்யூரை நெருங்கும்போது காற்றில் உப்பு ஏறும், பிறகு உப்பளங்களே வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொட்டு வடக்கே போய்ப் பாலாற்றுப் பாலத்தைக் கடந்தால் வாயலூர். பல்லவ மன்னன் ராஜசிம்மன் தன் முன்னோர் பெயர்களை வரிசையாகத் தூணில் வெட்டி வைத்த ஊர் அது. அடுத்து கல்பாக்கம். அணுமின் நிலையத்தை ஒட்டிய குடியிருப்புகள் முடியும் இடத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை நிற்கிறது.

இந்த முறை அத்தையும் உடன் வந்தார். வயது எழுபதைத் தாண்டியவர், வாழ்க்கையெல்லாம் களத்துமேட்டிலும் நெல் மூட்டைகளுக்கு நடுவிலும் கழித்தவர். “வெள்ளக்காரன் கட்டுன கோட்டையில பாக்கறதுக்கு இன்னாடா இருக்குது?” என்று கேட்டுக்கொண்டேதான் வண்டியில் ஏறினார்.

நான் அங்கே போக நினைத்ததற்குக் காரணம் வெகு தொலைவில் இருக்கும் ஒரு பண்ணை வீடு. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வைகாஃப் வீடு என்று ஒன்று இருக்கிறது. 1637-இல் ஒப்பந்தக் கூலியாக அமெரிக்காவின் டச்சுக் குடியேற்றத்துக்குப் போய் இறங்கிய பீட்டர் கிளாசன் என்பவரின் குடும்பம் வாழ்ந்த வீடு. அதன் மிகப் பழைய பகுதி 1652 வாக்கில் எழுந்தது என்கிறார்கள். 1965-இல் அந்த மாநகரம் தன் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலைத் தொடங்கியபோது முதலிடம் பெற்றது இதுதான். 1982-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். மன்ஹாட்டனில் டைக்மன் பண்ணை வீடு என்று இன்னொன்று. அந்தக் குடும்பத்துச் சகோதரிகள் இருவர் அதை வாங்கிப் புதுப்பித்து 1916-இல் மாநகரத்திடம் ஒப்படைத்தார்கள். அடுப்பு, கட்டில், தோட்டம் என்று சாதாரண மனிதர்கள் புழங்கிய பொருள்களைக் கொண்டே ஒரு காலத்தைச் சொல்லும் இடங்கள் இவை. நெடுங்காலம் அங்கே நில உடைமையாளர் கதை மட்டுமே சொல்லப்பட்டது. இப்போது அதே நிலத்தில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களைத் தேடி எடுத்து, அவர்கள் வாழ்வையும் சேர்த்துச் சொல்கிறார்கள். என்னை உலுக்கியது இந்த மாற்றம்தான்.

அமெரிக்காவுக்குப் போனது டச்சு மேற்கிந்தியக் கம்பெனி. நம் கரைக்கு வந்தது 1602-இல் தொடங்கப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனி. அங்கே குடியேறி உழுதார்கள், இங்கே துணி வாங்க வந்தார்கள். அதனால் நம் கடற்கரையில் டச்சுப் பண்ணை வீடு கிடையாது. இருப்பவை கோட்டை, கிடங்கு, கல்லறை. பழவேற்காட்டில் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையிலிருந்த சதுரங்கப்பட்டினம் மெல்லிய மஸ்லின் துணிக்குப் பெயர் வாங்கியது. அவர்கள் வருவதற்கு முன்பே, சம்புவராயர் காலத்திலேயே இது பட்டினம்தான். கப்பலும் வணிகரும் இந்த மணலுக்குப் புதியவர்கள் அல்ல.

கோட்டை வாசலில் பீரங்கிகள். உள்ளே நுழைந்ததும் வலுவான சுற்றுமதிலுக்கு நடுவே திறந்த வெளி, புல்தரை, யானை மீது ஏறுவதற்கான மேடை, நீண்ட கிடங்குகள். தொல்லியல் துறை இடிபாடுகளை அகற்றி, செங்கல் சுவர்களைச் சீர்செய்து நிறுத்தியிருக்கிறது. காவலர் சாவியோடு வந்து கல்லறைத் தோட்டத்தின் கதவைத் திறந்தார். “பாத்து வாங்கம்மா, கல்லு மேல கால வெக்காதீங்க” என்று அத்தையிடம் சொன்னார். தரையில் படுக்கவைத்த பெரிய கற்பலகைகள். குலச் சின்னங்களும் பூவேலையும், சுற்றிலும் டச்சு எழுத்தும். அந்தச் செதுக்கல் வேலையின் நுட்பம் கண்ணை இழுத்தது. இந்தக் காற்றுக்கும் வெயிலுக்கும் இவ்வளவு காலம் தாங்கி நிற்பது பெரிய விஷயம். பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்களே காவல் நிற்கும். இங்கே அந்த ஆரவாரம் இல்லை.

அத்தை கல்லறைகளில் அதிகம் நிற்கவில்லை. கிடங்குக்குள் போனவர் சுவரைத் தடவிப் பார்த்தார், மேலே பார்த்தார். “நெல்லு வெச்சிருந்தான்னு சொல்றாங்க, சரி. துணி எங்கடா வெச்சான்? இந்தக் கடக் காத்துல ஈரம் ஏறிடுமே. அத நெஞ்சவன் எங்க உக்காந்திருப்பான்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அந்த வளாகத்தில் எங்கேயும் பதில் இல்லை. ஆனால் சோழமண்டலக் கரையில் கம்பெனி வியாபாரம் நடந்த விதம் தெரிந்ததுதான். கம்பெனி நேராக நெசவாளியிடம் போகவில்லை. உள்ளூர் வணிகரோடு ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுத்தது. அந்தப் பணம் பல கை மாறி நெசவாளிக்கு நூல் வாங்கும் காசாகப் போய்ச் சேர்ந்தது. கிராமங்களில் தறியிலிருந்து இறங்கிய துணி மீண்டும் அதே வழியில் கோட்டைக்கு வரும். மாதிரித் துணியோடு ஒப்பிட்டு நீளம், அகலம், இழை நெருக்கம் எல்லாம் பார்ப்பார்கள். தரம் குறைந்தால் விலை குறையும், அல்லது துணியே திரும்பிவிடும். வெளுப்பவர்கள், சாயம் போடுபவர்கள், மூட்டை கட்டுபவர்கள், படகில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோனவர்கள் என்று ஊரே அதில் இருந்தது. துணி பத்தேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) அங்கிருந்து மசாலாத் தீவுகளுக்கும் போனது. கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் விலையாக அங்கே கைமாறியது நம் நெசவுதான். இதே கம்பெனி 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதெல்லாம் இந்தக் கரையின் மனிதர்களையே அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றியது. அதையும் சொல்லாமல் இந்தச் சுவர்களைப் பற்றிப் பேசக் கூடாது என்று நினைக்கிறேன்.

கல்லில் பெயர் வெட்டப்பட்டவர்கள் கம்பெனிக்காரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் மட்டுமே. துணி நெய்தவரின் ஒரு பெயரும் இல்லை.

டச்சுக்காரர்களிலேயே ஒருவர் இந்த ஊரை மனம் கலந்து பார்த்திருக்கிறார். யாக்கோப் ஹாஃப்னர், 1754-இல் ஹாலே நகரில் பிறந்தவர், இங்கே கம்பெனிக் கணக்கராக வேலை செய்தார். 1781-இல் ஆங்கிலேயர் சதுரங்கப்பட்டினத்தைப் பிடித்தபோது கைதியாகிச் சென்னைக்குப் போனார். அங்கே பஞ்சத்தில் மக்கள் மடிவதைக் கண்ணால் கண்டு எழுதினார். மாமியா என்ற நடனப் பெண்ணின் மீது தான் கொண்ட காதலையும் எழுதினார். ஐரோப்பியர் இங்கே செய்த கொடுமைகளைக் கடுமையாகக் கண்டித்தார். ராமாயணத்தின் பகுதிகளை டச்சு மொழிக்குக் கொண்டுபோகவும் முயன்றார். இப்படிப்பட்ட ஒருவர் நடந்த முற்றம் இது என்பதைக் கோட்டைக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

அவர் கண்ட அழிவு எங்கள் ஊர்ப் பக்கத்தையும் விடவில்லை. 1780-இல் ஹைதர் அலியின் படை செங்கல்பட்டுச் சீமைக்குள் இறங்கியபோது கிராமங்கள் எரிந்தன, ஏரிகள் பாழாயின, குடிகள் சிதறின. அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்திலிருக்கும் கருங்குழிக் கோட்டையை 1781 ஜனவரியில் ஆங்கிலப் படை பிடித்தது. 1782 பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். போர்க்களத்தின் நடுவே தறி ஓடுமா? பிறகு டச்சுக்காரர்கள் 1818-இல் திரும்பி வந்தார்கள். 1824-இல் லண்டனில் எழுதிய ஒப்பந்தப்படி இந்தியாவிலிருந்த தங்கள் இடங்களையெல்லாம் ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்துப் போனார்கள். கோட்டை அதற்குள் இடிந்து கிடந்தது.

கடலோரத்தில் செங்கல் கட்டடத்தைக் காப்பது லேசான காரியம் இல்லை. காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு செங்கலுக்குள் இறங்குகிறது. வெயில் அடிக்கும்போது ஈரம் போய் உப்பு மட்டும் உள்ளே கட்டிப்படுகிறது, அது விரிந்து செங்கலின் முகத்தைப் பொடிப்பொடியாக உதிர்க்கிறது. பழைய சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். அதன் மீது சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். அதனால்தான் சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைக்கும் கொத்தனார்கள் நமக்கு இன்றும் தேவைப்படுகிறார்கள். அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருவது சுவர் இடிவதை விட எனக்குக் கவலையாக இருக்கிறது. மதிலில் முளைக்கும் அரசங்கன்றை வேரோடு எடுப்பது, மழைநீர் தேங்காமல் வாட்டம் வைப்பது என்று ஆண்டு முழுவதும் ஆள் வேண்டிய வேலை இது.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டி வடக்கே போனால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜனின் முயற்சியில் 1996-இல் திறக்கப்பட்ட இடம், தொடக்க வடிவமைப்பு லாரி பேக்கருடையது. இடிக்கப்பட இருந்த வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். நாங்கள் அங்கேயும் போனோம். தஞ்சாவூர் உழவர் வீட்டின் திண்ணையில் உட்கார்ந்த அத்தை எழுந்திருக்க மனமில்லாமல் இருந்தார். தூணைத் தொட்டார், முற்றத்தைப் பார்த்தார். “இங்க ஆளு வாழ்ந்தாங்கன்னு தெரியுதுடா. அங்க அது தெரியல” என்றார். அங்கே நெசவாளர் வீடும் இருக்கிறது, தறியும் இருக்கிறது. ஸ்டாக்ஹோமில் 1891-இல் தொடங்கிய ஸ்கான்சென், நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் திறந்தவெளி அருங்காட்சியகம் எல்லாம் இதே வழியில் வந்தவை. டச்சுக்காரர்கள் தங்கள் ஊரில் உழவர் வீட்டையும் காற்றாலையையும் அப்படிக் காக்கிறார்கள்.

சதுரங்கப்பட்டினத்துக் கிடங்குகளில் ஒன்றுக்குள் ஓர் அறை போதும். ஒரு குழித்தறி, அந்தக் கால இழை நெருக்கத்தில் நெய்த மஸ்லின் துண்டு, துணி போன கடல்வழியின் படம், ஹாஃப்னரின் எழுத்திலிருந்து தமிழில் சில பக்கங்கள். இதற்கான மூலச் செய்தி எங்கோ தொலைந்துபோய்விடவில்லை. சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் டச்சு ஆவணங்கள் தனித் தொகுப்பாக இருக்கின்றன. ஹேக் நகரின் தேசிய ஆவணக் காப்பகத்தில் கம்பெனியின் கடிதங்களும் கணக்குகளும் இருக்கின்றன. உள்ளூர் வணிகரோடு போட்ட ஒப்பந்தங்களைக் கம்பெனி எழுதி வைக்காமல் விட்டதில்லை. கேரளம் ‘காஸ்மோஸ் மலபாரிக்கஸ்’ என்ற திட்டத்தில் லெய்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, தன் மாணவர்களுக்குப் பழைய டச்சு கற்பித்து மலபார் ஆவணங்களைப் படிக்க வைக்கிறது. சோழமண்டலக் கரைக்கும் அப்படி ஒரு திட்டம் வேண்டும். நாலைந்து தமிழ் மாணவர்கள் அந்தக் கையெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டு முதலில் தேட வேண்டியது, சதுரங்கப்பட்டினத்துக்குத் துணி கொண்டுவந்தவர்களின் பெயர்களை.