கல்மரமும் இரவல் கிளிப்பும்

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர் கல்மரம் பத்தி ஒரு வீடியோ எடிட் பண்றேன். 18 மீட்டர் நீளம், சுமார் 12 கோடி வருஷத்து மரம், 1940-ல நிலவியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டு சொன்னது.

நெட்ல இறக்கின ஒரு கிளிப்ல வாய் முந்துது, பேச்சு பிந்துது. ஃபிரேம் ரேட் நிலையா இல்லாத ஃபைல். ஹேண்ட்பிரேக் சாஃப்ட்வேர்ல ஃபிரேம் ரேட்டை 'கான்ஸ்டன்ட்' வெச்சு மாத்தினதும் சரியாயிடுச்சு.

ஆனா அந்த கிளிப்போட உரிமைதான் தலைவலி. "கிரெடிட் போட்டா போதும்ண்ணே"ங்கிறான் தம்பி. போதாதுடா! விமர்சனம், செய்தின்னு சில விலக்கு உண்டு. மத்தபடி 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அனுமதி வேணும். கிரியேட்டிவ் காமன்ஸ்னா அதோட நிபந்தனைப்படி எடுக்கலாம்.

பக்கத்து ஊரு 'காரை'ன்னு பேர் போட்ட இன்னொரு கிளிப்ல பின்னாடி பனிமலை தெரியுது. பெரம்பலூர்ல பனிமலை! அதைத் தூக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை காரைக்கு பைக்லயே போய் எடுத்துக்கலாம். யார் வர்றீங்க?