எட்சாக்கின் மேல் ஓர் எட்சாக்

இன்னும் சிலிக்கானுக்கு வராத ஒரு பிராசசரை, மேசையில் இருக்கிற கம்ப்யூட்டரிலேயே ஓடவிட்டுப் பார்க்க உதவும் கருவித்தொகுப்பு சிம்பிள்ஸ்கேலார். கேஷ் அளவை இரட்டிப்பாக்கினால் எத்தனை சைக்கிள் மிச்சமாகும், ஒரு சைக்கிளில் எத்தனை கட்டளைகளை ஓடவிடலாம் என்ற இஷ்யூ அகலத்தைக் குறைத்தால் எவ்வளவு நஷ்டம் என்று கேட்டுக்கொண்டே போகலாம். நானும் அதை வெகுகாலம் ஓட்டியிருக்கிறேன். இந்த வித்தையை யார் தொடங்கியது என்ற கேள்விதான் தாமதமாக வந்தது.

முதல் இரண்டு தலைமுறை சுலபமாகக் கிடைத்துவிட்டது. டாட் ஆஸ்டின் 1994க்கும் 1996க்கும் இடையில், மேடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது எழுதியது இது. வெளியீட்டுக்குத் துணை நின்றவர் டக் பர்கர். அதற்கும் முன்னோடி, எண்பதுகளில் மனோஜ் பிராங்க்ளின் எழுதிய கருவிகள். ஆஸ்டின், பிராங்க்ளின் இருவருக்குமே வழிகாட்டி குரீந்தர் சோஹி.

அதற்கு மேலே போக ஆவணம் உதவவில்லை, நிரல்தான் உதவியது. தொகுப்பிலேயே பெரிய சிமுலேட்டர் சிம்-அவுட்ஆர்டர். அதன் மெயின் லூப்பில், கட்டளைகள் கட்டம் கட்டமாகக் கடந்துபோகும் பைப்லைன் தலைகீழாக நிற்கிறது: முதலில் கமிட், பிறகு ரைட்பேக், இஷ்யூ, டிஸ்பாட்ச், கடைசியில் ஃபெட்ச். பந்தியில் சாப்பிட்டவர் எழுந்தால்தானே அடுத்தவர் உட்கார முடியும், அந்தக் கணக்குதான். ஆனால் என்னை நிறுத்தி வைத்தது வேறொன்று. கூட்டலோ பெருக்கலோ, கட்டளையின் விடை டிஸ்பாட்ச் கட்டத்திலேயே கணக்கிடப்பட்டுவிடுகிறது. அப்புறம் நடப்பதெல்லாம் அந்தக் கட்டளை எத்தனை சைக்கிள் காத்திருக்கும் என்ற நேரக்கணக்கு மட்டுமே. கடிகாரத்தைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது எளிய சுழற்சி: ஒரு கட்டளையை எடு, பிரி, செய், அடுத்ததற்குப் போ.

ஆகவே நான் தேட வேண்டியது அந்தச் சுழற்சியின் ஊற்றை.

1975இல் பால் ஆலனிடம் அது இருக்கிறது. ஹார்வர்டின் பிடிபி-10 கம்ப்யூட்டரில் இன்டெல் 8080-ஐப் போல நடந்துகொள்ளும் நிரலை அவர் எழுத, அதன் மேல்தான் ஆல்டேர் கம்ப்யூட்டருக்கான பேசிக் மொழி உருவானது. அப்போது ஆல்டேர் ஆலனின் கையில் இல்லவே இல்லை. பிரபலமான கதை, ஆனால் ஊற்று அதுவல்ல.

எனக்குக் கிடைத்த மிகப் பழைய சான்று 1951இல், லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஸ்டான்லி கில் எழுதிய கட்டுரை. கேம்பிரிட்ஜில் 1949 மே 6 அன்று முதல் நிரலை ஓட்டிய எட்சாக் கம்ப்யூட்டரைப் பற்றியது. நிரலில் பிழை என்றால் அப்போது இயந்திரத்தை நிறுத்தி, கட்டளை கட்டளையாக நகர்த்தி, திரையில் நினைவகத்தின் புள்ளிகளை உற்றுப் பார்ப்பார்கள். வரிசையில் மற்றவர்கள் காத்திருக்கையில் இது பெரிய ஊதாரித்தனம். கில் ஒரு சோதனை நிரலை எழுதினார். அது பிழையுள்ள நிரலிடம் இயந்திரத்தை ஒப்படைப்பதே இல்லை. ஒவ்வொரு கட்டளையாகத் தானே எடுத்துச் செய்து, அதன் எழுத்தை டெலிபிரிண்டரில் அச்சிட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். கூட்டலுக்கு ஏ, கழித்தலுக்கு எஸ். தாவச் சொல்லும் கட்டளை வந்தால் தான் தாவாமல், எங்கே தாவ வேண்டும் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். வினாடிக்குச் சுமார் 650 கட்டளை செய்யக்கூடிய இயந்திரம், வினாடிக்கு ஏழு எழுத்துகூட அடிக்காத அச்சுக்கருவியின் வேகத்துக்கு இறங்கிவிடும். ஆனாலும் தாளை எடுத்துக்கொண்டு வெளியே போய், இயந்திரத்தை அடுத்தவருக்கு விட்டுவிட்டு, நிதானமாகப் பிழை தேடலாம்.

சிமுலேட்டர் என்றால் இல்லாத இயந்திரத்தைக் காணும் ஆசையில் பிறந்தது என்றே நான் நம்பியிருந்தேன். கில் ஓட்டிக் காட்டியதோ, எதிரே நின்ற அதே இயந்திரத்தை, அதன் மேலேயே. காரணமும் ஆசை அல்ல, சந்தேகம்.

இப்போது சிம்பிள்ஸ்கேலாரின் இடத்தில் பெரும்பாலும் ஜெம்5 இருக்கிறது. மிச்சிகனின் எம்5, விஸ்கான்சினின் ஜெம்ஸ் இரண்டும் சேர்ந்தது. அதில் ஏதாவது கோணலாக ஓடினால் நான் முதலில் போடுவது 'எக்செக்' என்ற டீபக் கொடி. செய்யப்படும் ஒவ்வொரு கட்டளையும் ஒரு வரியாக அச்சாகிக்கொண்டே போகும். கில்லின் தாளில் ஓர் எழுத்து, இங்கே ஒரு வரி. வேகம் அன்று போலவே படுத்துவிடுகிறது.