எண் இல்லாத இரண்டு வயர்கள்

மின் வரைபடம் எதுவானாலும் கீழே வலது மூலையில் ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், எத்தனையாவது ரிவிஷன் என்ற விவரங்கள் அதில் வரும். கோவையில் தொழிற்சாலை இயந்திரங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தின் மின் வடிவமைப்புப் பொறியாளர் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேர்ந்ததற்கு, அந்தக் கட்டத்தில் இருந்த அவருடைய பெயரே காரணம்.

மசாலாப் பொடி ஆலை ஒன்றுக்கு அந்த நிறுவனம் ரிப்பன் பிளெண்டர் செய்து கொடுத்திருந்தது. தொட்டிக்குள் சுருள் தகடு சுழன்று பொடியைக் கலக்கும். மூடியைத் திறந்தால் மோட்டார் நின்றாக வேண்டும். ஒருநாள் நிற்கவில்லை. ஓரத்தில் ஒட்டியிருந்த பொடியை வழித்துக்கொண்டிருந்த தொழிலாளியின் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. இயந்திரத்தில்தான் கோளாறு என்றது ஆலை நிர்வாகம். காவல்துறை வரைபடத்தில் பெயரைப் பார்த்து, பொறியாளர் மீது, அப்போது நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 338ஆம் பிரிவின் கீழ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. கவனக்குறைவான செயலால் கொடுங்காயம் விளைவித்த குற்றம். அதற்கு அன்று இரண்டாண்டு வரை சிறை.

மின் ஆய்வாளரின் அறிக்கையோடு இயந்திரத்தின் மின் பேனலின் உட்புறப் படங்கள் இருந்தன. பொறியாளருக்காக வாதாடிய நான், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன். “சார், இந்த ரெண்டு வயர் துண்டுலயும் ஃபெரூல் இல்லீங்க” என்றார். பேனலில் ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் எண் அச்சிட்ட சிறு குழாய் மாட்டியிருக்கும். அதே எண் வரைபடத்திலும் இருக்கும். இந்த இரண்டு துண்டுகளுக்கும் எண் இல்லை, முனையில் லக் இல்லை. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் ரகம். நிறுவனத்தில் இயந்திரத்தை அனுப்பும்முன் எடுத்த படத்தில் இவை இல்லவே இல்லை.

ஏன் இரண்டு என்பதில்தான் வழக்கே இருந்தது. மூடி சுவிட்சிலிருந்து சேஃப்டி ரிலேவுக்குத் தனித்தனியாக இரண்டு பாதைகளை அவர் வரைந்திருந்தார். மூடி சரியாக மூடியிருந்தால்தான் இரண்டிலும் மின்சாரம் ஓடும். மூடி திறந்தாலும், வயர் அறுந்தாலும், சுவிட்ச் கெட்டாலும் ரிலே மோட்டாரை நிறுத்திவிடும். ஒரு பாதையை மட்டும் ஷார்ட் செய்தால், மூடி திறந்ததும் மற்றது அறுந்து இயந்திரம் நிற்கும். ரிலேவை ஏமாற்ற வேண்டுமானால் பேனலைத் திறந்து, சரியான நான்கு டெர்மினல்களைக் கண்டுபிடித்து, அந்த எண்ணில்லாத துண்டுகளைப் போல இரண்டு ஜம்பர் போட வேண்டும். தவறுதலாக நடக்கிற காரியமல்ல அது.

குறுக்கு விசாரணையில் மின் ஆய்வாளரிடம், அந்தத் துண்டுகளை எடுத்தபின் என்ன ஆனது என்று கேட்டேன். “இயந்திரம் ஸ்டார்ட் ஆகவே இல்லை. மூடி சுவிட்ச் பழுது” என்றார். சுவிட்ச் பழுது என்பது தங்களுக்குச் சாதகம் என அரசுத் தரப்பு நினைத்தது. பழுதானால் ஓடாதே என்பதுதானே அந்த வடிவமைப்பு! விபத்துக்கு முந்தைய மாதம் ஆலையிலிருந்து மாற்று சுவிட்சுக்கு விலை கேட்டு வந்த மின்னஞ்சலையும், அனுப்பிய விலைப்புள்ளியையும் தாக்கல் செய்தேன். ஆர்டர் வரவேயில்லை.

அரசு வழக்கறிஞர் ஒரு வலுவான கேள்வியை எழுப்பினார். போபால் விஷவாயு விபத்துக்குப் பின், 1987இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் 7பி பிரிவு சேர்க்கப்பட்டது. வடிவமைப்பாளருக்கும் அது பொறுப்பு வைத்தது. ஏமாற்ற இடம் கொடுக்கிற வடிவமைப்பு குறைதானே என்றார். அதே பிரிவு, நடைமுறையில் இயன்ற அளவு என்றும் சொன்னதைச் சுட்டிக்காட்டினேன். பேனலுக்குப் பூட்டு இருந்தது, சாவி ஆலையில் இருந்தது. குர்பான் உசேன் வழக்கில், பம்பாய் பெயிண்ட் தொழிற்சாலைத் தீயில் ஏழு தொழிலாளர்கள் இறந்தபோதும், குற்றம்சாட்டப்பட்டவரின் செயலே மரணத்துக்கு நேரடிக் காரணமாக இருந்தால்தான் கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கான 304ஏ பிரிவு பொருந்தும் என்றது உச்ச நீதிமன்றம். அதே அளவுகோல் இங்கும் பொருந்தும் என்று வாதிட்டேன்.

இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது காயம்பட்டவரின் சாட்சியம். “கொஞ்ச நாளா மூடியத் தெறந்தேதானுங்க ஓட்டுனோம். தெறந்தா நிக்கோணும்னே எனக்குத் தெரியாதுங்க” என்றார். இயந்திரத்தோடு போன கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அது மேலாளரின் அலமாரியில் கிடந்தது. பாதுகாப்பாகப் பயன்படுத்தத் தேவையான தகவல் கிடைக்கச் செய்வதும் 7பி பிரிவு விதித்த கடமைதான். ஆலையிடம் கையேட்டைக் கொடுத்ததை நீதிமன்றம் போதுமானதாக ஏற்றது. தொட்டிக்குள் கைவிடுகிறவருக்கு அது போதாது என்பதே இன்றும் என் கருத்து.

பொறியாளர் விடுதலையானார். ஜம்பர் போட்டது யார் என்று காவல்துறை விசாரிக்கவேயில்லை என நடுவர் தீர்ப்பில் குறிப்பிட்டார். தொழிலாளிக்கு இஎஸ்ஐ நிரந்தர ஊன உதவித்தொகை வருகிறது. ஒரு கை போனால் சம்பாதிக்கும் திறனில் 60 சதவீதம் இழப்பு என்பது சட்டத்தின் அட்டவணைக் கணக்கு.

இதைப் படிக்கும் வடிவமைப்புப் பொறியாளர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இயந்திரத்தை ஒப்படைக்கும்போது திறந்த பேனலைப் படமெடுத்து, அதில் வாடிக்கையாளரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். மூடியின் மீது, அதை இயக்குகிறவர் படிக்கும் மொழியில் ஓர் எச்சரிக்கைத் தகடு வையுங்கள்: “திறந்தால் இயந்திரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தொடாதீர்கள்.”